காளானை எங்கே வைப்பது? பதினோராம் வகுப்பில் ஐந்துலக வகைப்பாடு: ஒரு நிகழ்வு ஆய்வு

வகுப்பும் சூழலும்

பதினோராம் வகுப்புத் தாவரவியலில் எடுத்த எடுப்பிலேயே வருவது உயிரி உலகமும் அதன் வகைப்பாடும்தான். பள்ளி திறந்த புதிது. சுற்றுவட்டார உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பெயர் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம். இந்த ஆய்வு அப்படியொரு வகுப்பைப் பற்றியது: காவிரிப் படுகையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி, தமிழ்வழி, உயிரியல் பிரிவு. லேபில் வேலை செய்யும் நுண்ணோக்கிகள் சில இருந்தன. 45 மடங்கு லென்ஸுக்கு மேல் எதிலும் கிடையாது. பள்ளிக்குப் பின்னால் வயல், அதைத் தாண்டினால் கோயில் குளம். ஒரு மாணவன் வீட்டில் சிப்பிக் காளான் குடில் போட்டிருந்தார்கள். பாடம் போன போக்குக்கு இவை அத்தனையும் காரணம்.

உயிரிகளையெல்லாம் ஐந்து பெரும்பிரிவுகளாக, அதாவது 'உலகங்களாக'ப் பிரிக்கும் ஐந்துலக வகைப்பாடு இவர்களுக்குப் புதிதல்ல. கீழ் வகுப்பிலேயே படித்துவிட்டார்கள். மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். யார் சொன்னது என்றால் விட்டாக்கர் என்ற அமெரிக்கச் சூழலியலாளர். எப்போது என்றால் 1969. இதற்கு மேல் கற்பிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும்.

தொடங்கும் முன் ஒரு தாள் கொடுத்தேன். மதிப்பெண் கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஒரு பக்கம் உயிரிகளின் பெயர்கள். மறுபக்கம் பெயர் போடாத படங்கள். ஒவ்வொன்றும் எந்த உலகம், ஏன்? பெயர்கள் இருந்த பக்கத்தில் பிழை அதிகமில்லை. காளானுக்கு நேராகப் பூஞ்சை, அமீபாவுக்கு நேராகப் புரோட்டிஸ்டா. 'ஏன்' என்ற கட்டத்தில்தான் விஷயம் இருந்தது. "காளான் பூஞ்சை வகையைச் சேர்ந்தது என்பதால்" என்று எழுதியவர்கள் பலர். காலியாக விட்டவர்கள் அதைவிடப் பலர். தாளைத் திருப்பினால் கதையே வேறு. பட்ட மரத்தில் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் காளான் தாவரமாகிவிட்டது, ஏனென்றால் "மரத்தில் முளைத்திருக்கிறது". விலங்கான பவளம் சிலருக்குச் செடி, சிலருக்குக் கல். வேலியில் மஞ்சள் நூல்போலப் படரும் அம்மையார் கூந்தல் பூஞ்சை, ஏனென்றால் "பச்சையாக இல்லை".

பெயர் தெரிந்தால் ஐந்து உலகம். தெரியாவிட்டால் நகர்வது விலங்கு, முளைப்பது செடி என்ற பழைய இரண்டு உலகம். பிள்ளைகளின் மனப்பாடத்தில் குறையே இல்லை. பாடப்புத்தக அட்டவணையில் ஐந்து விடைகள் இருக்கின்றன. அந்த விடைகள் எந்தக் கேள்விகளுக்கானவை, எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும், யார் யாரோடு சண்டை போட்டு அந்த வரிசை வந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. அட்டவணையைக் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்வதைவிட, அட்டவணை இல்லாமல் தொடங்கி அது தேவைப்படும் இடத்துக்கு வகுப்பைக் கொண்டுபோவதுதான் சரி என்று முடிவு செய்தேன்.

இரண்டிலிருந்து தொடங்குவது

விதி ஒன்றுதான். தாவரம், விலங்கு என்று இரண்டே உலகம். மூன்றாவது உலகம் வேண்டுமென்றால், ஏதோ ஓர் உயிரி இந்த இரண்டிலும் உட்கார முடியாது என்று வகுப்பு நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் திறக்கலாம். அதுவரை 'புரோட்டிஸ்டா' என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது.

இந்த இரண்டு உலகம் என் கற்பனை இல்லை. ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1735-இல் இயற்கையை அப்படித்தான் பிரித்தார். தாவரம், விலங்கு, மூன்றாவதாகக் கனிமம். அவருக்குக் காளான் தாவரம். நுண்ணோக்கியில் துள்ளும் சிற்றுயிர்களை என்ன செய்வதென்று தெரியாமல் 'கேயாஸ்' என்றொரு பேரினம் வைத்துப் புழுக்களோடு சேர்த்தார். 'கேயாஸ்' என்றதும் வகுப்பில் எழுந்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவ்வளவு பெரிய ஆளே திணறியிருக்கிறார் என்பது பிள்ளைகளுக்கு ஒரு தெம்பு.

படங்களை வெட்டி அட்டையில் ஒட்டி, குழுவுக்கு ஒரு கட்டு கொடுத்தேன். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் இரண்டு குவியல். காரணத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அட்டையை வைக்க வேண்டும். போர்டில் காரணங்கள் சேர்ந்துகொண்டே போயின: நகரும், நகராது, பச்சை, பச்சையில்லை, தானே உணவு தயாரிக்கும், பிறவற்றைத் தின்னும், வளர்ச்சி நிற்கும், நிற்காது.

அப்போது ஒரு மாணவி ஓரறிவு, ஈரறிவு என்று ஆரம்பித்தாள். தமிழ்ப் பாடத்தில் படித்த தொல்காப்பிய மரபியல். புல்லும் மரமும் ஓரறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு என்று போகும் வரிசை. இந்த இடத்தில் ஆசிரியர்கள் பலர் உணர்ச்சிவசப்பட்டு அன்றே எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு சொற்பொழிவில் இறங்கிவிடுகிறோம். எனக்கு அதைவிடப் பயன்பட்டது வேறொன்று. புலன்கள் எத்தனை என்ற ஒரே அளவுகோலை எடுத்துக்கொண்டு, கடைசிவரை அதை மாற்றாமல் போகிற முறை அது. வகுப்பு வைத்திருந்த குவியல்களில் அந்த ஒழுங்கு இல்லை. பவளத்தை 'நகராது' என்று செடிப் பக்கம் வைத்த அதே கை, யானையைப் 'பச்சையில்லை' என்று விலங்குப் பக்கம் வைத்தது. காரணம் அட்டைக்கு அட்டை மாறியது. அதைச் சுட்டிக்காட்டியதும் இரண்டு குவியலும் கலைந்தன.

காளான் வழக்கு

காளான் அட்டை கடைசிவரை கைமாறிக்கொண்டே இருந்தது. சரி, இதை வழக்காகவே நடத்துவோம் என்று விட்டேன். செடிதான் என்று ஒரு தரப்பு. இல்லை என்று மறுதரப்பு. செடித் தரப்பின் வாதம் பலமானது. முளைக்கிறது, நகர்வதில்லை, தண்டு இருக்கிறது, காய்கறிக் கடையில் விற்கிறார்கள். மறுதரப்பிடம் 'பச்சையில்லை' தவிர ஒன்றுமில்லை. அதையும் அம்மையார் கூந்தல் அட்டையைத் தூக்கிக் காட்டியே உடைத்துவிட்டார்கள். அதற்கும்தான் பச்சை கிடையாது, ஆனால் பூ பூக்கிறதே, விதை விடுகிறதே, அது செடியில்லையா?

குடில் வீட்டுப் பையன் பின் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தான். உங்க வீட்டில் எப்படிப்பா வளர்க்கிறீங்க என்று கேட்டேன்.

"வைக்கோலை ஊறவெச்சு அவிச்சு, பையில அடுக்கடுக்காப் போட்டு நடுவுல வித்து போடுவோம் சார். வித்துன்னா விதை இல்ல, சோளத்துல வெள்ளையாப் படர்ந்திருக்கும். அப்புறம் இருட்டா வெச்சிடுவோம். வெயிலே காட்டக் கூடாது. வைக்கோல் பூரா வெள்ளை நூலா ஓடினாத்தான் காளான் வரும்."

"அறுவடை முடிஞ்சதும் வைக்கோல் எப்படி இருக்கும்?"

"மக்கிப் போயிடும் சார். எடையே இருக்காது."

அவன் சொன்னதில் பாதிப் பாடம் இருந்தது. வெயில் வேண்டாம் என்றால் ஒளிச்சேர்க்கை இல்லை. வைக்கோலின் எடை குறைகிறது என்றால் காளான் அதைத் தின்கிறது. ஆனால் வாய் இல்லையே? நொதிகளை வெளியே விட்டு, உணவை உடலுக்கு வெளியிலேயே செரித்து, கரைந்ததை நூல்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. விலங்கு விழுங்கிவிட்டுச் செரிக்கிறது. பூஞ்சை செரித்துவிட்டு உள்ளே எடுக்கிறது. தாவரம் தயாரிக்கிறது. விட்டாக்கர் பூஞ்சைக்குத் தனி உலகம் கொடுத்ததற்கு முக்கியமான காரணமே இந்த மூன்று வழிகள்தான். அதை ஒரு காளான் குடிலிலிருந்து வகுப்பே கண்டுபிடித்தது எனக்குப் பெரிய லாபம்.

அடுத்து அயோடின் சோதனை. உருளைக்கிழங்குத் துண்டு, அரிசி, சிப்பிக் காளான் துண்டு. உருளையும் அரிசியும் சொட்டு விழுந்ததும் கருநீலமாயின. காளானில் அயோடினின் பழுப்பு மட்டும் நின்றது. தாவரங்கள் மாவுச்சத்தைச் சேமிக்கின்றன. பூஞ்சைகள் கிளைக்கோஜனைச் சேமிக்கின்றன, நம் கல்லீரல் சேமிப்பதும் அதையேதான் என்று சொல்லி முடிப்பதற்குள் முன் பெஞ்ச் மாணவி ஒருத்தி, நுண்ணோக்கிக்காக வாங்கி வைத்திருந்த வெங்காயத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டாள்.

"வெங்காயமும் மாறல சார். அப்ப வெங்காயமும் பூஞ்சையா?"

வெங்காயம் தன் உணவை மாவுச்சத்தாகச் சேமிப்பதில்லை. சர்க்கரைகளாகவும், ஃப்ரக்டான்கள் என்ற சர்க்கரைத் தொடர்களாகவும் வைத்துக்கொள்கிறது. அதனால் அயோடினில் கறுக்காது. அந்தக் கேள்வி வந்திருக்காவிட்டால் 'கறுத்தால் தாவரம், கறுக்காவிட்டால் பூஞ்சை' என்ற குறுக்குவழியோடு வகுப்பு கலைந்திருக்கும். ஒரே ஒரு பண்பை வைத்து உலகத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதை நான் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. இந்தச் சோதனையைச் செய்கிற ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: வெங்காயத்தை மறைக்காமல் மேசையிலேயே வையுங்கள்.

பிறகு ஸ்லைடுகள். சாஃப்ரனின் சாயம் ஏற்றிய வெங்காயத் தோல் ஒன்று. காட்டன் புளூ சாயம் ஏற்றி, ஊசியால் பிரித்த காளான் துணுக்கு மற்றொன்று. வெங்காயத்தில் செல்கள் சுவரோடு சுவர் ஒட்டிய அறைகளாக, ஒவ்வொன்றிலும் உட்கரு ஒரு புள்ளியாக. காளானில் அறையே தெரியாது. நீல நூல்கள், கிளைவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி. தொப்பியிலிருந்து எடுத்தாலும் நூல், 'தண்டு' என்று செடித் தரப்பு வாதாடிய பகுதியிலிருந்து எடுத்தாலும் நூல். தண்டிலிருந்து எடுத்த ஸ்லைடைப் பார்த்ததும் செடித் தரப்பு வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது.

செல்சுவரில் செல்லுலோஸுக்குப் பதில் கைட்டின் இருப்பதை எங்கள் லேபில் காட்ட வழியில்லை. சொல்லத்தான் வேண்டியிருந்தது. இறால் ஓட்டிலும் கரப்பான் பூச்சியின் மேல்தோட்டிலும் இருக்கும் அதே பொருள் என்றதும், எதிர்பார்த்த கேள்வி வந்தது: "அப்ப காளான் அசைவமா சார்?" பல வீடுகளில் பாட்டிமார் காளானைத் தொடமாட்டார்கள் என்று ஆளுக்கு ஆள் சொல்ல ஆரம்பித்தார்கள். சமையலறைப் பிரிவு வேறு தேவைக்கானது, அதில் உயிரியலுக்கு வேலை இல்லை என்றேன். ஆனால் 1990-களில் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்று தெரிந்ததையும் சேர்த்துச் சொன்னேன். பாட்டிமார் பக்கம் கொஞ்சம் பலம் கூடிவிட்டது.

வரலாற்றில் இந்த வரிசை தலைகீழ். நுண்ணுயிர்கள்தாம் முதலில் தனி உலகம் பெற்றன. எல்லோர் கண்ணிலும் பட்ட காளான் கடைசிவரை தாவரங்களோடுதான் கிடந்தது. கற்பிக்கும்போது வரலாற்று வரிசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. கையில் தொட முடிந்ததிலிருந்து தொடங்கினால் காணமுடியாததற்குப் போகும்போது பிள்ளைகள் கூடவே வருகிறார்கள்.

குளத்துத் தண்ணீர்

கோயில் குளத்தின் பச்சைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்து, ஜன்னல் ஓரத்தில் வைத்தோம். ஒரு சொட்டு, அதில் நாலைந்து பஞ்சு இழைகள். இழை போடாவிட்டால் உயிரிகள் பார்வைப் புலத்தைத் தாண்டி ஓடிவிடும். யூக்ளினா கிடைத்தது. கதிர்போன்ற உடல், முழுக்கப் பச்சையம் கொண்ட பசுங்கணிகம், முன்பக்கம் சிவப்பாக ஒரு கண்புள்ளி. இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒன்று, உடலைக் குறுக்கி, உருண்டையாகி, மறுபடி நீண்டு நெளிந்து வெளியே வந்தது. செல்சுவர் இருந்தால் அப்படி நெளிய முடியாது.

"செடி நீந்துது சார்" என்று ஒருவன். "பச்சை மிருகம்டா" என்று பக்கத்தில் இருந்தவன்.

விலங்கியல் ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சந்தேகமே இல்லாமல் அது தன் பாடம் என்றார். நான் என் பாடம் என்றேன். பிள்ளைகளுக்கு இந்தச் சண்டை மிகவும் பிடித்துப்போனது. உண்மையிலேயே தாவரவியலாளர்களும் விலங்கியலாளர்களும் நெடுங்காலம் யூக்ளினாவை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். வெளிச்சத்தில் தானே உணவு தயாரிக்கும். சில இனங்கள் இருட்டில் பச்சையத்தை இழந்து, கரைந்த உணவை உறிஞ்சி வாழும். காலையில் தாவரம், இரவில் விலங்கு என்று மாற்றி எழுதவா முடியும்? இன்னொரு உலகம் திறக்க வகுப்பு ஒருமனதாக ஓட்டுப் போட்டது. ஹெக்கல் 1866-இல் இதே காரணத்துக்காகப் புரோட்டிஸ்டாவைக் கொண்டுவந்தார் என்று அப்போது சொன்னேன். அதுவரை தடை செய்யப்பட்டிருந்த சொல் அன்றைக்குத்தான் போர்டில் ஏறியது.

ஏறிய வேகத்தில் நிரம்பியும் விட்டது. அமீபா, பாரமீசியம், டயாட்டம், கிளாமிடோமோனாஸ், மலேரியாவைத் தரும் பிளாஸ்மோடியம். வீட்டுக் கணக்கு நோட்டில் 'இதர' என்று ஒரு தலைப்பு இருக்குமே, மாதக் கடைசியில் அதுதான் பெரிதாக இருக்கும். புரோட்டிஸ்டாவின் நிலையும் அதுதான். இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒரே செல்லாக இருப்பதால் கிளாமிடோமோனாஸைப் பல பாடநூல்கள் புரோட்டிஸ்டாவில் வைக்கின்றன. அதைப்போலவே பசும்பாசியான ஸ்பைரோகைரா இழையாக வளர்வதால் தாவரத்தில் போகிறது. உறவுக்காரர்களைச் செல் எண்ணிக்கை பிரித்துவிடுகிறது. இது ஐந்துலக வகைப்பாட்டின் குறை என்று தேர்வில் எழுதலாம், மதிப்பெண் உண்டு.

உட்கரு என்ற கோடு

பாக்டீரியா போன்ற, உட்கரு இல்லாத உயிரிகளின் உலகமான மொனிராவைக் கற்பிப்பது இருப்பதிலேயே கடினம், ஏனென்றால் அங்கே காட்ட வேண்டியது 'இல்லாத' ஒன்றை. தயிரை மெத்திலீன் புளூ ஏற்றி 450 மடங்கில் வைத்தால் நீலப் பொடிகள் தெரிகின்றன; சில குச்சிகள், சில புள்ளிகள். உள்ளே உட்கரு இல்லை என்பதை அந்தப் பொடியைக் காட்டி எப்படி நம்பவைப்பது? "சின்னதா இருக்கறதால தெரியலையோ சார்?" என்று கேட்டவன் சரியாகத்தான் கேட்டான். ஸ்டேனியரும் வான் நீலும் 1962-இல் உட்கரு இல்லாத புரோகேரியோட்டு, உட்கரு உள்ள யூகேரியோட்டு என்ற பிரிவை உறுதியாக முன்வைக்க முடிந்ததற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்திருந்தது ஒரு காரணம். எங்கள் கருவி காட்டுவது எதுவரை, அதற்கு மேல் யாருடைய ஆய்வை நம்புகிறோம் என்று பிரித்துச் சொன்னேன்.

கைகொடுத்தது அசோலா என்ற நீரில் மிதக்கும் சிறு பெரணி. மாட்டுத் தீவனத்துக்காக ஊரில் பலர் தொட்டியில் வளர்க்கிறார்கள். இலை ஒன்றைக் கிள்ளி, ஸ்லைடில் வைத்து, மூடுவில்லையை லேசாக அழுத்தினால் இலை சிதைந்து, அதன் குழிக்குள் குடியிருக்கும் அனபீனா வெளியே வருகிறது. மணிகோத்த மாலைபோன்ற சங்கிலி, இடையிடையே கொஞ்சம் பெரிய மணி. காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துவது அந்தப் பெரிய செல்கள்தாம். ஒரே பார்வைப் புலத்தில் இரண்டும் கிடைத்தன. அசோலாவின் செல்லில் பச்சை தனித்தனி மணிகளாக, பசுங்கணிகங்களாக இருக்கிறது. அனபீனாவின் செல்லில் மணி கிடையாது. நீலப்பச்சை செல் முழுவதும் பரவலாகக் கரைந்ததுபோல இருக்கிறது. சவ்வால் மூடிய உறுப்பு எதுவும் இல்லாத செல் என்றால் என்ன என்பதை 45 மடங்கு லென்ஸில் இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. 'நீலப்பசும்பாசி' என்று நெடுங்காலம் தாவரங்களோடு வைத்திருந்ததை ஏன் தயிர் பாக்டீரியாவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள் என்ற கேள்விக்கும் அதே ஸ்லைடில் விடை கிடைத்தது. கோப்லாண்டு 1938-இல் மொனிராவைத் தனி உலகமாக்கினார் என்ற வரி அப்போது சும்மா ஒரு வரியாக இல்லை.

இப்போது ஐந்து உலகங்களும் வந்துவிட்டன. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது? இதைக் குழுக்களிடமே விட்டேன். உணவு முறையை முதலில் கேட்ட குழுவுக்கு மாமரமும் அனபீனாவும் ஒரே பக்கம் விழுந்தன. அம்மையார் கூந்தல் காளானோடு போய்ச் சேர்ந்தது. செல்களின் எண்ணிக்கையை முதலில் கேட்ட குழுவுக்குப் பாக்டீரியாவும் அமீபாவும் ஈஸ்ட்டும் ஒரே கட்டத்தில். உட்கரு உண்டா என்று முதலில் கேட்ட குழுதான் குறைந்த சேதத்தோடு கீழே இறங்கியது. அதுவும் ஈஸ்ட்டில் இடறியது. ஒரே செல், உட்கரு உண்டு; அப்படியானால் புரோட்டிஸ்டாதானே?

ஈஸ்ட்டைப் பூஞ்சையில் வைப்பது அதன் உறவுக்காக. சுவரில் கைட்டின், உறிஞ்சி உண்ணும் முறை, இனப்பெருக்க முறையில் மற்ற பூஞ்சைகளோடு ஒற்றுமை. அம்மையார் கூந்தலும் அப்படித்தான். பச்சையத்தைக் கைவிட்டாலும் அதன் பூவும் விதையும் அது சர்க்கரைவள்ளிக் கொடியின் குடும்பம் என்று காட்டிக்கொடுக்கின்றன. பண்புகள் எல்லாமே உறவைக் கண்டுபிடிப்பதற்கான தடயங்கள். தடயங்கள் முரண்படும்போது உறவின் பக்கம் நிற்க வேண்டும். இந்த இடத்தில்தான் செல்லமைப்பு, உடலமைப்பு, உணவூட்ட முறை, இனப்பெருக்கம், பரிணாம உறவு என்ற விட்டாக்கரின் அளவுகோல்களையும், கூடவே பாடப்புத்தக அட்டவணையையும் திறக்கச் சொன்னேன். யாரும் அதை மேலிருந்து கீழாக வாசிக்கவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் சண்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தேடினார்கள்.

வைரஸ் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள், கொரோனாவைப் பார்த்த பிள்ளைகள். செல்லே இல்லை, அதனால் செல்லை வைத்து வகுத்த ஐந்திலும் இடமில்லை என்பதோடு அன்றைக்கு விட்டுவிட்டேன்.

"எதுக்கு சார் இதெல்லாம்?"

இந்தக் கேள்வி எந்த வகுப்பிலும் தப்பாது. நீலகிரி உருளைக்கிழங்கைத் தாக்கும் பின்பருவ இலைக்கருகல் நோயைச் சொன்னேன். 1845-இல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கிளப்பிவிட்ட அதே நோய்க்கிருமி, ஃபைட்டோஃப்தோரா. பார்க்க நூல் நூலாகப் பூஞ்சைபோலவே இருக்கும். பாடநூல்கள் நெடுங்காலமாகப் பூஞ்சையில்தான் வைத்தன. ஆனால் அதன் சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது. மரபணு உறவில் அது டயாட்டங்களுக்கும் பழுப்புப் பாசிகளுக்கும் பக்கம். பூஞ்சைகளின் செல்சவ்வில் இருக்கும் எர்கோஸ்டீரால் என்ற ஸ்டீராலின் உற்பத்தியைத் தடுக்கும் அசோல் வகை மருந்துகள் அதனிடம் எடுபடுவதில்லை, ஏனென்றால் அது ஸ்டீராலைத் தானாகத் தயாரிப்பதே இல்லை. மெட்டலாக்சில் போன்ற வேறு மருந்து வேண்டும். பூஞ்சை மருந்துதானே என்று கடையில் கொடுத்ததை வாங்கி அடித்தால் காசும் போய்ப் பயிரும் போகும். விவசாய வீட்டுப் பிள்ளைகள் இந்த உதாரணத்தை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதச் சொல்லவில்லை.

கடைசியாக ஐந்தையும் உடைக்க வேண்டியிருந்தது. கார்ல் ஊஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-இல் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மற்ற பாக்டீரியாக்களிலிருந்து வெகுதூரம் விலகியவை என்று காட்டினார்கள். 1990-இல் பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என்று மூன்று பெரும்பிரிவுகள் முன்வைக்கப்பட்டன. சாண எரிவாயுக் கலனில் மீத்தேனை உண்டாக்குவது ஆர்க்கியா. தயிரை உறைய வைப்பது பாக்டீரியா. இரண்டையும் விட்டாக்கரின் மொனிரா ஒரே பையில் போட்டிருந்தது. உட்கரு 'இல்லை' என்பது இருவருக்கும் பொதுதான், ஆனால் இல்லாமை உறவாகாது. வகுப்பில் ஒருவன் இதற்குள் விஷயத்தைப் பிடித்துவிட்டான்: "பச்சை இல்லன்னு காளானையும் அம்மையார் கூந்தலையும் ஒண்ணா வெச்ச மாதிரிதான் சார் இது."

என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை

பருவத் தேர்வுக்கு முன் மறுபடியும் பெயரில்லாப் படத் தாள் கொடுத்தேன். வேறு படங்கள்: கடற்சாமந்தி, பாறையில் படர்ந்த லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்வது), ரொட்டிப் பூஞ்சை, ஒரு செல் பாசி. எனக்கு முக்கியமாகப் பட்டது 'ஏன்' கட்டம் நிறைந்திருந்ததுதான். விலங்கான கடற்சாமந்தியைச் செடி என்று எழுதியவர்கள் இப்போதும் உண்டு. ஆனால் பலர் முடிவு எழுதாமல், "செல்சுவர் இருக்கிறதா, இரையைப் பிடித்து உண்ணுகிறதா என்று பார்த்தால்தான் சொல்ல முடியும்" என்று எழுதியிருந்தார்கள். லைக்கனுக்கு ஒருத்தி இரண்டு உலகத்தின் பெயரையும் எழுதி, இடையில் கூட்டல் குறி போட்டிருந்தாள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு மதிப்பெண் வினாக்களிலும் பொருத்துகவிலும், அட்டவணையை நேராகப் படித்த வேறு பிரிவுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. காரணம் கேட்கும் வினாக்களில் மட்டும்தான் வித்தியாசம். அந்த வினாக்கள் நம் தேர்வுகளில் எத்தனை வருகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். பீரியடுகள் கூடுதலாகச் செலவாயின. அதே பாடத்தில் வைரஸும் பாக்டீரியாவும் அவசரமாக ஓடின. போர்ஷன் முடியாததற்குத் தலைமையாசிரியரிடம் விளக்கம் சொல்லவும் வேண்டியிருந்தது.

நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்திக்கு இந்த முறை பிடிக்கவே இல்லை. "ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, இப்ப அதுவும் தப்புங்கறீங்க. எது சரியோ அதைச் சொல்லுங்க சார், எழுதிடறேன்." நீட்டுக்குத் தயாராகும் பிள்ளை, அவள் எரிச்சலில் நியாயம் இருந்தது. வினாவில் விட்டாக்கர் பெயர் இருந்தால் ஐந்து, ஊஸ் பெயர் இருந்தால் மூன்று, பெயர் எதுவும் இல்லாவிட்டால் பாடநூலின் ஐந்து என்று ஒரு பிழைப்பு வழியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். இதைச் செய்யாமல் வெறும் விவாதத்தோடு விடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன். மெதுவாக எழுதும் மாணவர்கள் சிலர் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துத் தேறினார்கள் என்பதும் உண்மை.

குழுவில் அதிகம் பேசுபவர்கள் பேசிக்கொண்டே இருப்பதும், அட்டையைப் பிடித்திருப்பவர் வெறுமனே பிடித்திருப்பதும் இன்னும் தீராத சிக்கல். குடில் வீட்டுப் பையனைப் பேசவைத்தது அவன் வீட்டுத் தொழில்தான், குழு முறை இல்லை. ஆகவே அடுத்த முறை பாடத்துக்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்கப்போகிறேன்: அசோலாத் தொட்டி, சாண எரிவாயு, இட்லி மாவு அரைத்து விற்பவர்கள், மீன் வியாபாரம். யூக்ளினா பீரியடை விலங்கியல் ஆசிரியரோடு சேர்ந்தே எடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். அவர் இன்னும் அது தன்னுடையதுதான் என்கிறார்.